அறுபதில் ஆடும் ஜிப்ஸி

பழைய மாருதி ஜிப்ஸி வைத்திருக்கும் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஸ்டீயரிங் ஆட்டத்தில்தான் வந்து நிற்கும். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் நேரான சாலையில் போய்க்கொண்டிருப்போம். முன்சக்கரம் ஒன்று ஒரு சின்னப் பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ விழுந்து எழும். உடனே ஸ்டீயரிங் இடமும் வலமுமாக வெட்டத் தொடங்கும். கை தாங்காது. முன்பக்கம் முழுவதும் அதிரும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்து, வேகம் முப்பதுக்கு இறங்கினால்தான் நிற்கும். நின்ற பிறகு வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மறுபடி அறுபது, மறுபடி ஒரு பள்ளம், மறுபடி அதே ஆட்டம்.

இதோடு பழகிப்போனவர்கள் நிறையப் பேர். "ஐம்பதைத் தாண்டாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. பக்கத்தில் லாரி வரும் நேரத்தில் இந்த ஆட்டம் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தாலே போதும். இது வண்டியின் குணம் இல்லை, கோளாறு. சரி செய்யக்கூடிய கோளாறு.

என்னுடையது 1998 மாடல் ஜிப்ஸி கிங். எனக்கு முன்பே இரண்டு கை மாறிய வண்டி. பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் போய், அங்கிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகிற சாலையில்தான் அது பெரும்பாலும் ஓடுகிறது. மலையேறும்போது ஆட்டம் வராது, அங்கே வேகமே இருக்காதே. திரும்பி வந்து சமவெளியில் மிதித்தால்தான் தெரியும். முதலில் காட்டிய பட்டறையில் வீல் பேலன்சிங், அலைன்மென்ட், கடைசியில் புது ஸ்டீயரிங் டேம்பர் என்று வரிசையாகப் போனார்கள். டேம்பர் போட்டதும் ஆட்டம் நின்றது. சில மாதங்களில் திரும்பி வந்தது.

டேம்பர் செய்வது இவ்வளவுதான்: ஆட்டத்தை அமுக்கி வைக்கும். அதன் காரணத்தைத் தொடாது. ஆட்டம் உள்ள வண்டிக்குப் புது டேம்பர் போடுவதை நான் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன். வலி மாத்திரை என்று சொல்லலாம். உள்ளே தேய்மானம் தொடர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் டிராக்டரும் ஜீப்பும் மட்டும் பார்க்கிற ஒரு மூத்த மெக்கானிக். அவர் செய்த சோதனை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம். முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டினார். டக் டக் என்று சத்தம். இது சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங்காகவும் இருக்கலாம், சக்கரம் இடம் வலம் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்காகவும் இருக்கலாம். பிறகு என்னை உள்ளே உட்காரச் சொன்னார்.

"தம்பி, பிரேக்கை நல்லா மிதிச்சுப் புடிங்க. விட்றாதீங்க."

மறுபடி ஆட்டினார். அதே டக் டக்.

"வீல் பேரிங் இல்லீங்க. கிங்பின் போயிருச்சு."

விஷயம் இதுதான். பிரேக்கை மிதித்தால் டிஸ்க்கை கேலிப்பர் கவ்விக்கொள்ளும். கேலிப்பர், ஸ்டீயரிங்கோடு திரும்பும் நக்கிள் என்ற பாகத்தோடு சேர்ந்தது; டிஸ்க், சக்கரத்தை மாட்டும் ஹப்போடு சேர்ந்தது. ஆக ஹப்பும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன, நடுவில் உள்ள வீல் பேரிங்கின் ஆட்டம் மறைந்துபோகிறது. அப்படியும் ஆட்டம் மிச்சமிருந்தால், அது நக்கிளுக்கும் அச்சுக்கும் நடுவில். கீழே குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: அச்சின் நுனியில் உள்ள பளபளப்பான உருண்டை அப்படியே நிற்க, அதைச் சுற்றியுள்ள நக்கிள் மட்டும் துள்ளும்.

அந்த இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜிப்ஸியின் முன்பக்கம் ஒரே துண்டான கெட்டி அச்சு, இலைப் பட்டை ஸ்பிரிங். அச்சின் இரு நுனியிலும் உள்ளீடற்ற பெரிய இரும்பு உருண்டை. அந்த உருண்டைக்குள்தான் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் ஜாயின்ட் இருக்கிறது. உருண்டைக்கு வெளியே தொப்பி கவிழ்த்த மாதிரி நக்கிள். நக்கிளின் மேலிருந்து ஒரு பின், கீழிருந்து ஒரு பின், இவைதான் கிங்பின்கள், உள்ளே இறங்கி, உருண்டையின் மேலும் கீழும் பதிந்துள்ள சின்ன டேப்பர் ரோலர் பேரிங்குகளில் உட்காரும். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு பேரிங். வண்டியின் முன்பாரம் முழுவதும் இவற்றின் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. ஸ்டீயரிங் திருப்பினால் நக்கிள் திரும்புவதும் இவற்றின் மேல்தான்.

இது ஜிப்ஸியை வடிவமைத்த சுசூகி கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் இதுதான் இருந்தது. அதன் வழியில் வந்த மஹிந்திரா ஜீப்புகளிலும் இருந்தது. லேண்ட் ரோவர், டொயோட்டா லேண்ட் குரூசர் எல்லாம் சிற்சில மாற்றங்களோடு இதே குடும்பம். ஜிப்ஸி 1985-இல் இந்தியாவுக்கு வந்தபோது அந்த வரிசையில் இன்னொன்றாக வந்தது. ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். அளவுகள் மட்டும் வண்டிக்கு வண்டி வேறு.

சரி, ஒரு பேரிங் ஏன் தேய்கிறது? சுற்றிச் சுற்றித் தேய்கிறது என்றுதான் நாம் நினைப்போம். கிங்பின் பேரிங் சுற்றுவதே இல்லை. முழு ஸ்டீயரிங் வெட்டினாலும் கால் வட்டம்கூடப் போகாது. வாழ்நாளில் பெரும்பகுதி நேர்ச்சாலையில் ஒரே நிலையில் நிற்கும். ரோலர்கள், பேரிங்கின் வெளி வளையமான கப்பின் மேல் அதே கோடுகளில் உட்கார்ந்திருக்க, சாலையின் ஒவ்வொரு அடியும் அந்தக் கோடுகளிலேயே இறங்கும். மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுக்கு ரோலர் முன்னும் பின்னும் உரசும். நடுவில் உள்ள கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடும். சுற்றுகிற பேரிங்காக இருந்தால் ரோலர் உருண்டு புது கிரீஸை இழுத்துக்கொண்டு வரும். இங்கே அது நடக்காது. இரும்பும் இரும்பும் நேராக உரசி, செந்நிறத் துகளாகி, கப்பில் வரிவரியாகக் குழி விழும்.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1930களில் அமெரிக்காவில் ரயிலில் ஏற்றி அனுப்பிய புத்தம் புதுக் கார்கள் போய்ச் சேர்ந்தபோது, அவற்றின் சக்கர பேரிங்குகள் கெட்டுப்போயிருந்தன. சாலையில் ஓடவே ஓடாத கார்கள். ரயிலின் அதிர்வில், நின்ற இடத்தில் நின்றபடியே குழி விழுந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஆல்மென் என்ற ஆய்வாளர் 1937-இல் இந்தத் தேய்மானத்தைப் பற்றி எழுதினார். கிங்பின் பேரிங்குக்கு வாழ்க்கை முழுவதுமே அந்த ரயில் பயணம்தான்.

மெக்கானிக் கழற்றிக் காட்டிய கப்பில் நகத்தை வைத்து இழுத்தேன். வரி வரியாக நகம் தட்டியது. "ஓடித் தேய்றதில்லீங்க தம்பி, சும்மா நின்னே தேய்ஞ்சுருக்குது" என்றார். இப்படிக் குழி விழுந்துவிட்டால் சிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்து இறுக்கிப் பயனில்லை. ரோலர் குழியில் உட்காரும்போது நேர்நிலையில் லேசாகப் பிடித்துக்கொள்ளும், திருப்பினால் மேட்டில் ஏறி இறுகும். ஸ்டீயரிங் நடுவில் ஏதோ பள்ளத்தில் சிக்கின மாதிரி இருக்கும். பேரிங்கை மாற்றுவதுதான் வழி.

குழி தானாக விழுவது ஒரு பக்கம். அதை விரைவுபடுத்துபவை வேறு சில. உருண்டையைத் துடைத்துக்கொண்டே இருக்கும் ஃபெல்ட்டும் ரப்பர் சீலும் கிழிந்தால் ஓடைத் தண்ணீரும் சேறும் உள்ளே போகும். அச்சுக்குள் இருக்கும் ஆயில் சீல் தளர்ந்தால் அச்சின் பல்சக்கரங்களுக்கான டிஃபரென்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிடும். நக்கிளின் அடியில் கறுப்புக் குழம்பு வடிந்தால் இதுதான். இன்னொன்று, அகலமான டயரும் வெளியே தள்ளி நிற்கும் ரிம்மும். கிங்பின் அச்சிலிருந்து டயரின் நடுப்புள்ளி எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அந்த அளவுக்கு ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் பெருகித்தான் பேரிங்குக்கு வந்து சேரும். பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர் போடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் வண்டியில் முந்தைய உரிமையாளர் போட்டிருந்த ஸ்பேசரை அன்றே கழற்றிவிட்டேன்.

ஆட்டத்துக்கும் இந்தத் தேய்மானத்துக்கும் என்ன தொடர்பு? சுழலும் சக்கரம் ஒரு பம்பரம். கெட்டி அச்சில் ஒரு சக்கரம் மேடேறினால் அச்சே சாயும், மறுசக்கரமும் கூடச் சாயும். சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது சாய்த்த திசையில் போகாது, பக்கவாட்டில் திரும்பும். ஆகவே சக்கரம் தானாக ஸ்டீயரிங் திசையில் திரும்புகிறது, டயரின் பிடி அதைத் திரும்ப இழுக்கிறது, அது தாண்டி மறுபக்கம் போகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்தப் போக்கும் வரவும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும். 1920களில் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் பலூன் டயரும் முன்சக்கர பிரேக்கும் வந்தபோது கார் உலகமே இந்த ஆட்டத்தோடு மல்லுக்கட்டியது. பிறகு கார்கள் கெட்டி முன்அச்சை விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஜிப்ஸி போன்ற வண்டிகளில் இந்த ஆட்டத்தைத் தொடக்கத்திலேயே தின்று தீர்ப்பது எது? கிங்பின் பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் வரும் உராய்வுதான். அந்த இறுக்கம் போனால் ஆட்டத்துக்குத் தடையே இல்லை.

இதனால்தான் இந்த வேலையில் பலத்தைவிட அளவுக்குத்தான் மதிப்பு என்கிறேன். நான்கு பேரிங்கை மாற்றிவிட்டு, போல்ட்டை முறுக்கி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பட்டறைகள் உண்டு. பாதி வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது.

கழற்றும் பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பொறுமையைத் தவிர வேறு சூட்சுமம் இல்லை. முதல் நாள் மாலையே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுவது நல்லது. சக்கரம், கேலிப்பர், ஹப் மூடி, லாக் வாஷர், ஹப் நட், டிஸ்க்கோடு ஹப், அப்புறம் ஹப்பைத் தாங்கும் ஸ்பிண்டில், பிறகு சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட் என்று வெளியிலிருந்து உள்ளே வரிசை. கேலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடக் கூடாது, கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டிவிட வேண்டும். ஹப் நட்டை உளி வைத்துத் தட்டிக் கழற்றும் பழக்கம் நம் ஊரில் நிறைய. அதற்கென்று உள்ள பாக்ஸ் ஸ்பேனரை வாங்கிவிடுங்கள், நட்டும் பிழைக்கும், ஸ்பிண்டிலின் மரையும் பிழைக்கும். இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராடின் எண்டைப் பிரித்து, உள்பக்கத்து சீல் தகடுகளைக் கழற்றினால் மீதி இருப்பது கிங்பின்கள்தான். மேல் பின், கீழ் பின், எந்தப் பக்கத்துடையது என்று குறித்து, அதனதன் சிம்மோடு தனித்தனியாக வைக்க வேண்டும். நக்கிளை இழுக்கும்போது கீழ் பேரிங் தானாக நழுவி விழும், ஒரு கையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருந்த பழைய கிரீஸ் முழுவதையும் எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைக்க அரை நாள் போகும். இதில் அவசரம் வேண்டாம். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. உருண்டையின் மேல் துருப் புள்ளி இருந்தால் நைசான எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்தப் புள்ளிதான் புது சீலை முதலில் கிழிக்கும்.

பழைய கப்பை பித்தளை பஞ்ச் வைத்து, ஒரே இடத்தில் தட்டாமல் எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றித் தட்டி இறக்க வேண்டும். புது கப் உட்காரும்போது தட்டும் சத்தம் மாறும், மொத்தையாக இருந்த ஒலி கெட்டியாகும். அடித்தளத்தில் போய் முட்டிவிட்டது என்று அர்த்தம். பேரிங் வாங்கும்போது வண்டிப் பெயரைச் சொல்லி வாங்காமல், பழைய பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பெரிய கம்பெனிப் பெட்டிக்குள் போலி விற்பவர்கள் இருக்கிறார்கள். பாரம் முழுவதும் தாங்கும் இடம் இது. நம்பிக்கையான கடையில் கூடுதலாக நூறு ரூபாய் போனால் போகட்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதையும் நான் ஒப்ப மாட்டேன். ஒரே சாலையில் ஒரே காலம் ஓடிய நான்கில் ஒன்று போயிருந்தால் மற்றவையும் போகும் வழியில்தான் இருக்கும்.

இப்போது சிம். கிங்பினின் விளிம்புக்கும் நக்கிளுக்கும் நடுவில் வரும் மெல்லிய தகடுகள். சிம்மை எடுத்தால் பின் இன்னும் ஆழமாக இறங்கும், பேரிங் இறுகும். சேர்த்தால் தளரும். புது பேரிங்குக்குப் பழைய சிம் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, அளந்துதான் ஆக வேண்டும். சீல், ஆக்சில் ஷாஃப்ட், டை ராட் எதுவும் இல்லாமல், நக்கிளும் பேரிங்கும் மட்டும் மாட்டிய நிலையில், டை ராட் நுழையும் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, நக்கிள் கைக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். நக்கிள் அசையத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் அளவு. ஜிப்ஸிக்கு அது ஒரு கிலோவுக்கு மேல், இரண்டு கிலோவுக்குள் இருக்க வேண்டும். சீல் போட்ட பிறகு அளந்தால் சீலின் உராய்வும் சேர்ந்துவிடும், அந்த எண்ணை நம்பக் கூடாது.

மெக்கானிக்கிடம் இருந்தது மூட்டை நிறுக்கும் பெரிய தராசு, அதில் ஒரு கிலோ தெரியவே தெரியாது. மீன் கடையில் தொங்கும் மாதிரி ஒரு சின்னத் தராசை வாங்கி வந்தோம். முதல் இழுப்பில் முள் அசையவே இல்லை, நக்கிள் தானாகவே திரும்பியது. மேலிருந்து ஒரு மெல்லிய தகடு எடுத்தோம். மறுபடி போல்ட்டை முறுக்கி, நக்கிளைப் பலமுறை இருபுறமும் திருப்பி ரோலர்களை உட்காரவைத்து, மறுபடி இழுத்தோம். எடுத்து, மாட்டி, இழுத்து, ஒன்றரைக் கிலோவில் வந்து நின்றபோது, கையால் திருப்பினாலே வித்தியாசம் புரிந்தது: கனமாக, சீராக, எங்கேயும் தட்டாமல் திரும்பியது. இந்த உணர்வைத்தான் அவர் இத்தனை வருடமாகத் தராசு இல்லாமல் கையிலேயே வைத்திருந்தார் என்பதும் அப்போது தெரிந்தது. தராசு சொல்வதற்கு முன்பே "இது போதுங்க" என்றார்.

தகட்டை மேலே மட்டும் எடுத்துக்கொண்டே போகக் கூடாது, கீழேயும் பார்த்துப் பங்கிட வேண்டும். நக்கிள் ஏறியோ இறங்கியோ நின்றால், உள்ளே சுழலும் ஜாயின்ட்டின் மையமும் திருப்பும் மையமும் விலகிவிடும். ரொம்ப இறுக்குவதும் தப்பு. திருப்பி விட்ட ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, பேரிங்கும் சீக்கிரம் சாகும்.

அளவு சரியானதும் எல்லாவற்றையும் ஒரு முறை பிரித்து, ரோலர்களுக்குள் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டும். ரப்பர் சீல் வளையத்தை நக்கிளை மாட்டும் முன்பே உருண்டையின் மேல் ஏற்றி உள்பக்கம் தள்ளிவைக்க வேண்டும். மறந்துவிட்டு, சீலை வெட்டி நுழைத்து ஒட்டிவிடும் குறுக்குவழி ஒன்று உண்டு; ஓடை தாண்டும் வண்டிக்கு அது உதவாது. உள்ளே உள்ள ஆயில் சீலையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள். அதன் விலை சொற்பம், அதற்காக இன்னொரு முறை இத்தனையும் கழற்றுவதுதான் பெரிய செலவு.

மாட்டி முடித்து அலைன்மென்ட் பார்த்த பிறகு, முதல் ஓட்டத்துக்கு டேம்பரை வேண்டுமென்றே கழற்றி வைக்கச் சொன்னார். அது இல்லாமலே ஆட்டம் வரவில்லை என்றால்தான் வேலை சரி. உடுமலை சாலையில் எழுபது வரை போய், பாலத்து இணைப்புகள் மேலேயே ஏற்றினோம். ஸ்டீயரிங் ஒரு சின்ன உதறலோடு நின்றுவிட்டது. திரும்பி வந்து டேம்பரை மாட்டினோம்.

அதன் பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கிங்பின் போல்ட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார்த்தோம், ஜாக்கி வைத்துத் தூக்கி மேலும் கீழும் ஆட்டியும் பார்த்தோம். புது கப் கொஞ்சம் உட்காரும், அதனால் இந்தப் பரிசோதனையை விடக் கூடாது. இப்போது டயர் மாற்றும்போதெல்லாம் அந்தப் பிரேக் சோதனையைச் செய்துவிடுகிறேன். யாராவது ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதித்தால் போதும்.